பின்கொடி

குப்புராஜின் தலைமுடியைப் பற்றித் தெரியாதவர் செவ்வாப்பேட்டையில் அப்போது யாரும் இல்லை. காலை ரயிலுக்கு நிற்கிற கூட்டத்தில் முதலில் தெரிவது அந்தக் கொண்டைதான். அதற்குக் கீழே நெஞ்சு வரைக்கும் தாடி. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ குப்புராஜ் இருந்தார். வெளியூர்க்காரர்கள் சிலர் சாமியார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு. ஆவடியில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை கேன்டீனில், "இன்னா சாமியாரே, இமயமலைக்கு எப்ப டிக்கெட்டு?" என்று யாராவது கேட்காத நாள் கிடையாது. அவரும் சிரித்துவைப்பார். சிரித்தாலும் நாளைக்குக் கேட்கப்போகிறார்கள், சிரிக்காவிட்டாலும் கேட்கப்போகிறார்கள்.

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று இருந்தது. குப்புராஜ் லேத் மிஷினில் கைதேர்ந்த ஆள். முடி தோளைத் தாண்டியதும் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "பெல்ட்டுல சிக்குச்சுன்னா முடி மட்டும் போவாதுப்பா, தலையும் சேந்து போவும்" என்று சொல்லி, மிஷினை விட்டு இறக்கி ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டார். அன்றிலிருந்து கம்பி போட்ட ஜன்னல் வழியாகப் பஞ்சும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அவருடைய மிஷினில் வேறு யாரோ நின்றார்கள். அது ஓடுகிற சத்தம் ஸ்டோருக்கு நன்றாகக் கேட்கும். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

வெட்டிவிட வேண்டியதுதானே என்று சொல்வது சுலபம். அது அவர் முடியல்ல, பெருமாளுடையது. மகள் செங்கமலவல்லிக்குப் பன்னிரண்டு வயதில் விஷக் காய்ச்சல் கண்டு, கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதும், மனைவி கங்கம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மலை இருக்கிற திசையைப் பார்த்து விழுந்தாள். "ஏழுமலையானே, என் பொண்ண எனக்குக் குடுத்துடு. அவ நைனா கோவிந்தா கூட்டத்தோட நடந்தே வந்து உனக்கு முடி குடுப்பாரு. அது வரிக்கும் அவரு தலையில கத்தி படாது." வேண்டிக்கொண்டவள் அவள், நடக்க வேண்டியவர் இவர். அவசரத்தில் வேண்டிக்கொள்கிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. 'முடி குடுப்பாரு' என்பதோடு நிறுத்தியிருந்தால் பஸ் ஏறிப் போய் மறுநாள் மொட்டையோடு வந்திருக்கலாம். கூட்டத்தோடு, அதுவும் நடந்து என்று சேர்த்ததுதான் வினை. ஆனால் பெண் கண்ணைத் திறந்தாள். அதற்கப்புறம் பேரம் பேச முடியுமா?

திருவள்ளூரிலிருந்து ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு கூட்டம் திருப்பதிக்கு நடந்து போகும். ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் என்று வழி. அதை நடத்துகிறவர்கள் எல்லாரும் கூலி வாங்காத தொண்டர்கள். சிலர் முன்னால் போய் அடுப்பு மூட்டுவார்கள். சிலர் கொப்புளம் கண்ட கால்களுக்கு எண்ணெய் போடுவார்கள். ஒருவர் எல்லாருக்கும் கடைசியில் வருவார். அவர் கையில் ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் சங்கு வரைந்த மஞ்சள் துணி. அதற்குப் பெயர் பின்கொடி. யார் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் பின்கொடிக்காரர் அவருக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும், முந்தக் கூடாது. மலையடிவாரத்தில் அலிபிரி பாத மண்டபத்துக்கு வந்து சேர்ந்ததும் அவர் பெருமாள் பாதத்துக்கு முன்னால் நின்று, "பின்னால யாரும் இல்ல, கோவிந்தா!" என்று மூன்று தடவை சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் கூட்டம் மலையேறும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் வருஷம் குப்புராஜுக்கும் அப்படித்தான் இருந்தது. கோயில் குளக்கரையில் கூட்டத் தலைவர் ஜகந்நாதன் சுவாமி, "இந்த வருஷம் பின்கொடி யார் எடுக்கறேள்?" என்று கேட்டபோது பழைய ஆட்கள் எல்லாரும் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். கழிதானே, என்ன கனம் கனக்கப்போகிறது என்று இவர் கையை நீட்டிவிட்டார். வாங்கின பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்கள். வழியில் யாராவது விழுந்துவிட்டால் பின்கொடிக்காரர்தான் அவரைத் திரும்ப அழைத்துப்போய் வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். கொடியை மாட்டு வண்டியில் கட்டி அனுப்பிவிடலாம்; அலிபிரியில் சொல்ல வேண்டியதை அந்த வருஷம் கூட்டத் தலைவரே சொல்லிவிடுவார். இன்னொன்று, அலிபிரியில் பாதத்தில் வைத்த பிறகுதான் அந்தக் கொடியை இன்னொருவர் கைக்கு மாற்றலாம். எடுத்தவரே வந்து வைக்க வேண்டும்.

அங்கேதான் மாட்டினார் குப்புராஜ். முதல் வருஷம் ஊத்துக்கோட்டை தாண்டியதும் ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு மயக்கம் வந்தது. அடுத்த வருஷம் ஒரு பூக்காரம்மா. அதற்கடுத்து ஒரு வருஷம் புத்தூர் வரைக்கும் போயாகிவிட்டது, மலைகூடத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்த ஒரு மண்டிக்காரர் அங்கே ரோட்டோரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கூட்டம் என்று இருந்தால் ஒருத்தராவது விழத்தான் செய்வார். கொடி ஆறு தடவை மலையடிக்குப் போய்விட்டது, வண்டியில் உட்கார்ந்து சொகுசாக. குப்புராஜ் ஒரு தடவைகூடப் போகவில்லை. போகாததால் கொடியை மாற்றவும் முடியவில்லை. மாற்ற முடியாததால் போகவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் செங்கமலவல்லி ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து அப்பாவுக்குத் தலை வாரிவிடுவாள். தெருவில் பெண்ணுக்கு அப்பன் பின்னல் போட்டுவிட்டால்கூடச் சிரிக்க மாட்டார்கள். இங்கே தலைகீழ்.

எழுபத்து நாலாம் வருஷம் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. செங்கமலவல்லிக்குத் திருவள்ளூரில் நல்ல இடம் வந்தது. பையன் படிப்பும் வேலையும் உள்ளவன், பெண்ணையும் பிடித்துவிட்டது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் பையனின் அம்மா குப்புராஜின் தலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேண்டுதல் பாக்கி வெச்சுக்கினு கல்யாணம் பண்ணா ரெண்டு ஊட்டுக்கும் ஆவாது. அந்தப் பொண்ணு உசுருக்கு வேண்டினதுன்றீங்க. மொதல்ல முடிய எறக்கிட்டு வாங்க, தையில வெச்சுக்கலாம். இந்த வருசமும் முடியலன்னா எங்க பையனுக்கு வேற எடம் பாக்கறோம், கோச்சுக்காதீங்க."

அன்று சாயங்காலம் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்த மகள், "நைனா, இந்த வருசம் போய்டுவ இல்ல?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பையனை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

மறுநாளே குப்புராஜ் ஜகந்நாதன் சுவாமியிடம் போய் நின்றார். சுவாமி கோயில் கைங்கரியம் முடித்துக் குளக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். படியில் யாரோ வெல்லம் கரைத்துவிட்டுப் போன இடத்தில் மீன்கள் மொய்த்தன.

"சாமி, இந்த ஒரு வருசம் கொடிய வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் நடுவுல நடந்துக்கினு போய்டறேன். பொண்ணு கல்யாணம் நின்னுடும் போல கீது."

சுவாமி நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம். கெட்ட மனுஷராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "எனக்குத் தெரியாதா குப்புராஜ்? ஆனா இது நான் போட்ட வழக்கமில்லையே. கொடி பாதத்துல பட்டுத்தான் கை மாறணும். உன்னை மாதிரி பொறுமையா யார் நடப்பா சொல்லு? நீ பின்னால வரேன்னு தெரிஞ்சுதான் பாதிப் பேர் தைரியமாக் கிளம்பறா." இப்படிப் புகழ்ந்தே ஆளைக் கட்டிப்போடுகிறவர்களிடமிருந்து தப்பிக்க வழியே கிடையாது. குப்புராஜ் கழியை வாங்கிக்கொண்டு வந்தார்.

கிளம்புகிற அன்று அவர் முதலில் பார்த்தது முகங்களை அல்ல, கால்களை. யார் கால் தாங்கும், யார் கால் தாங்காது என்று தேடினார். கடைசியில் ஒரு அம்மாள் நின்றாள். ஐம்பதைத் தாண்டியவள், ஒல்லி, ஆரம்பாக்கத்துக்காரி, பெயர் கன்னியம்மா. முழங்காலில் வீக்கம் புடவைக்கு மேலேயே தெரிந்தது. போச்சு என்று நினைத்தார்.

கூட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. நடக்கிறவர்கள் அலிபிரி போய்ச் சேரும் வரைக்கும் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் வேண்டுதலும் திரும்பிவிடும் என்பார்கள். அதனால் பின்கொடிக்காரரோடு பேசுகிறவர்கள் எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள். ஏழு வருஷமாகக் குப்புராஜ் பார்த்ததெல்லாம் முதுகுகள்தான். கன்னியம்மாவின் முதுகு சற்று வளைந்திருந்தது. நாற்று நட்டுக் குனிந்த முதுகு.

"எதுக்கும்மா வேண்டிக்கினு வர?" என்று கேட்டார், பூண்டி தாண்டும்போது.

"ஒண்ணும் இல்ல நைனா. காலமெல்லாம் சேத்தப் பாத்துக்கினே நின்னுட்டேன். ஒரு தபாவாவது நிமிந்து நேரா ஒரு ரோட்டுல நடக்கணும்னு ஆசை. நீ எதுக்கு வர? இம்மாம் முடி வெச்சுக்கினு கீறியே."

அவர் சொன்னார். யாரிடமும் இப்படி முழுசாகச் சொன்னதில்லை. முதுகிடம் சொல்வது சுலபமாக இருந்தது. காய்ச்சல், கங்கம்மா, ஸ்டோர் ஜன்னல், கொடி, செங்கமலவல்லி, தை மாசம் எல்லாம் சொல்லி முடித்தபோது அடுத்த ஊரே வந்துவிட்டது.

"அப்ப நான் உழுந்தா உனக்குத்தான் பேஜாரு" என்றாள் கன்னியம்மா.

"அப்டிலாம் ஒண்ணும் இல்லம்மா."

"இல்லாம இன்னா? நான் உழ மாட்டேன், போ."

சொன்னாளே தவிர, கால் கேட்க வேண்டுமே. ஊத்துக்கோட்டையில் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. நாகலாபுரத்தில் தொண்டர்கள் எண்ணெய் போட்டுத் துணி சுற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு காலை வைத்து இன்னொரு காலை இழுத்தாள். முன்னால் போகிறவர்களின் கோவிந்தா சத்தம் முதலில் தெளிவாகக் கேட்டது, பிறகு காற்று இந்தப் பக்கம் அடித்தால் மட்டும் கேட்டது, பிறகு கேட்கவில்லை. பாத்திர வண்டிகூட முந்திப் போய்விட்டது. அவளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடலாமா என்று குப்புராஜுக்கு வந்தது. "கொஞ்சம் எட்டிப் போடும்மா" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை குரலில் எரிச்சல் இருந்தது. அவருக்கு அவள் மேல் கோபம், அதைவிட அந்தக் கோபத்தின் மேல் வெட்கம். இரண்டையும் சுமந்துகொண்டு அந்த வெயிலில் நடந்தார்.

நாராயணவனத்துக்குச் சற்று முன்னால் சாலமோன் என்பவர் புளியமரத்தடியில் டீக்கடை வைத்திருந்தார். பாதசாரிகளுக்குச் சும்மா மோர் கொடுப்பார். கன்னியம்மா மோரைக் குடித்துவிட்டு பெஞ்சுக்குக் கீழே சேலையைப் போர்த்திப் படுத்தாள். "ஒரு நிமிசம் நைனா" என்றவள் அடுத்த நிமிஷமே தூங்கிப்போனாள். உச்சி வெயில். காலைச் சுற்றின துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

குப்புராஜ் நின்று அந்தக் காலைப் பார்த்தார். கூட்டம் நாளைச் சாயங்காலம் வரைக்கும்தான் அலிபிரியில் காத்திருக்கும். இந்தக் கால் நாளைக்குப் புத்தூரைத் தாண்டுவதே சந்தேகம். எழுப்பினால் நடப்பாள், விழுவாள். விழுந்தால் ஆரம்பாக்கம் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். எல்லா வருஷமும்போல இந்த வருஷமும். மகள் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள், எதுவும் கேட்க மாட்டாள்.

"சாலமோன், ஒரு உபகாரம் பண்ணு" என்றார். தன் குரல் தனக்கே யாருடையதோபோல் இருந்தது. "இந்தம்மா எழுந்தா ஊத்துக்கோட்டை பஸ்ஸுல ஏத்தி உட்டுடு. அங்கேர்ந்து ஊருக்குப் போய்டுவாங்க."

சாலமோன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "நீதானே கூட்டிக்கினு போவணும்? கொடிக்காரன் நீதானே?"

"கூட்டத்தைப் புடிக்கணும்பா."

"எழுப்பிச் சொல்லிட்டாவது போயேன்."

"தூங்கறாங்க. எழுப்ப வாணாம்."

அதற்குமேல் நின்றால் போக மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. கழியை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எதிரில் முதுகு எதுவும் இல்லை. வெறும் ரோடு. கால் தானாக ஓடியது. புத்தூர் வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கத்துக்காக இல்லை, பயத்தால்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அலிபிரி வந்துவிட்டது. கொடி தூரத்தில் தெரிந்ததுமே கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஏழு வருஷக் கதை தெரிந்தவர்கள் அழுதேவிட்டார்கள். வரதன் என்கிற இளைஞன், அடுத்த பின்கொடிக்காரனாகச் சுவாமி பார்த்துவைத்திருந்தவன், ஓடிவந்து கட்டிக்கொண்டான். ஜகந்நாதன் சுவாமிக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"கன்னியம்மா எங்கேப்பா?"

"அவங்க அண்ணன் மவன் வந்தான் சாமி, நாராயணவனத்துல. கால் முடியல. கூட்டிக்கினு போய்ட்டான்." இல்லாத அண்ணன் மகன் வாயில் இவ்வளவு சுலபமாக வருவான் என்று அவர் நினைக்கவில்லை.

"சொந்தக்காராளே வந்துட்டாளா? பெருமாள் உனக்காகப் பண்ணினது" என்றார் சுவாமி. குப்புராஜைப் பாத மண்டபத்துக்குள் அழைத்துப்போனார்கள். கல்லில் செதுக்கிய பாதத்துக்கு முன்னால் கழியை வைத்தார். எல்லாரும் அமைதியானார்கள். சொல்ல வேண்டும்.

முதல் தடவை குரல் எழும்பவில்லை. அழுகை என்று நினைத்துக் கூட்டம் உச்சுக் கொட்டியது. இரண்டாவது தடவை வந்தது. மூன்றாவது தடவை, "பின்னால யாரும் இல்ல, கோவிந்தா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மண்டபமே அதிர்ந்தது. பொய்யைச் சத்தமாகச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மேலே, முடி காணிக்கை கொடுக்கிற கல்யாணக் கட்டையில் நாவிதர் கொண்டையை அவிழ்த்துப் பார்த்து அசந்துபோனார். "இன்னா சாமி, பொம்பளைங்களுக்கே இவ்வளவு கிடையாது. குனி." தண்ணீரைத் தெளித்துக் கத்தியை வைத்தார். கனமான முடி மடியில் விழுந்தது. இந்த நிமிஷத்தை ஏழு வருஷமாக எத்தனை விதமாகவோ நினைத்துப் பார்த்திருந்தார். சிரிப்பு வரும், அழுகை வரும், மிஷின் சத்தம் கேட்கும் என்றெல்லாம். எதுவும் வரவில்லை. மண்டையில் காற்றுப் பட்டுக் குளிர்ந்தது, அவ்வளவுதான். சந்நிதியில் "ஜருகு, ஜருகு" என்று தள்ளினார்கள். பெருமாள் எதிரில் நின்ற அந்த ஒரு கணத்தில் மகள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வந்தவருக்கு, ரத்தம் ஊறிய துணிதான் கண்ணில் நின்றது. அதற்குள் வெளியே தள்ளிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் எல்லாருமாக பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். போகும்போதுதான் நடை, வரும்போது பஸ்தான் வழக்கம். குப்புராஜுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். மொட்டைத் தலையைத் தடவிப் பார்க்காதவர் இல்லை. "தையில சாப்பாடு போடணும்பா, மறந்துடாதே" என்றான் வரதன். லட்டுப் பொட்டலம் மடியில் இருந்தது. இனிமேல் மிஷினுக்குத் திரும்பலாம், கல்யாண வேலையைப் பார்க்கலாம் என்று மனசை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் இந்நேரம் ஆரம்பாக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார்.

வடமாலைப்பேட்டையைத் தாண்டியதும் எதிரில் ரோட்டோரமாக ஒரு உருவம் வந்தது. ஒரு குச்சியை ஊன்றி, தலையைக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு, ஒரு காலை வைத்து இன்னொரு காலை இழுத்து, மலையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. பஸ் நெருங்கியபோது குப்புராஜ் பார்த்தார். முகத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்தது. பஸ் கடந்ததும் பின்பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். அந்த வளைந்த முதுகில் சந்தேகமே இல்லை.

வேறு யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்தால் பஸ் போய்விடும். ஊர் வந்துவிடும், தை வந்துவிடும். வாயைத் திறந்தால் பெருமாள் பாதத்தில் பொய் சொன்னவன் என்று இத்தனை பேருக்கும் தெரியும், சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். பையனின் அம்மா மகனுக்கு வேறு இடத்தில் கட்டிவைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஜன்னல் கம்பியைப் பிடித்த கை வலித்தது. ஸ்டோர் ஜன்னலிலும் இதே மாதிரிக் கம்பிதான்.

"நிறுத்துப்பா!" என்று கத்தினார். "நிறுத்து, நிறுத்து!"

டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார். முன்சீட்டிலிருந்து ஜகந்நாதன் சுவாமி திரும்பினார். "என்ன குப்புராஜ்? என்ன ஆச்சு?"

குப்புராஜ் எழுந்து நின்றார். "சாமி, பின்னால ஒரு ஆள் இருக்காங்க" என்றார்.

சுவாமி அவருடைய முகத்தைப் பார்த்தார், பிறகு மொட்டையைப் பார்த்தார், பிறகு பின்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். வரதன் கழியைத் தன் பக்கமாக நகர்த்திவைத்துக்கொண்டான். குப்புராஜ் லட்டுப் பொட்டலத்தை சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினார். பஸ் போய்விட்டது.

அவள் தூரம் போயிருக்கவில்லை. அவளால் போக முடியாது. குப்புராஜ் வேகமாக நடந்து, நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தார். கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. திரும்பவில்லை. குச்சியை ஊன்றி ஒரு நிமிஷம் நின்றாள். அந்த முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"வந்துட்டியா நைனா? ரெண்டு மூணு நாளா சத்தமே காணோமேன்னு பாத்தேன்."

குப்புராஜ் இரண்டடி பின்னால் வந்து நின்றார்.

"நான் மெதுவா நடக்கறேன்னு உனக்குக் கோவம். எனக்குத் தெரியும். அதான் தூரமா வர, தூரமா படுத்துக்கறன்னு நெனச்சுக்கினேன். யாருக்குத்தான் கோவம் வராது? அதான் நானும் பேச்சு குடுக்கல." மறுபடி நடக்க ஆரம்பித்தாள். "அந்த டீக்கடைக்காரன் என்னைப் புடிச்சு பஸ்ஸுல ஏத்தப் பாத்தான். கொடிக்காரரு போய்ட்டாருன்றான். இன்னாய்யா தெரியாதவனாட்டம் பேசற, எங்க கொடிக்காரரு எப்பவும் பின்னாலதான் இருப்பாரு, நான் பஸ்ஸுல ஏறிட்டா அவரு யாருக்குப் பின்னால வருவாருன்னு கேட்டேன். வாய மூடிக்கினான்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மொட்டை மண்டையில் சுள்ளென்று பட்டது. அவள் காலில் சாலமோன் சுற்றிவிட்ட புதுத் துணி, அதுவும் கறுத்துப்போயிருந்தது.

"ஒரு தபா திரும்பிப் பாத்துடலாமான்னு இருந்துச்சு நைனா, புத்தூர்ல. திரும்பினா வேண்டுதல் திரும்பிடுமே. எனக்கு ஒண்ணும் இல்ல, உன் பொண்ணுது ஆச்சே. அதான் பாக்கல. இந்த வருசம் நீ முடிய எறக்கிடுவ, நான் உழ மாட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னா, பேச மாட்டியா? இன்னும் கோவமா?"

"இல்லம்மா" என்றார் குப்புராஜ். "நட. பின்னாலதான் வரேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றி, காது மறைய இழுத்துக் கட்டிக்கொண்டார். தாடியும் போய்விட்டது, முகத்தை மறைக்க ஒன்றுமில்லை. அவள் இழுத்து இழுத்துப் போட்ட அடிக்குப் பின்னால் அவரும் அடி வைத்தார். அலிபிரி இன்னும் தூரம் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.